தனியே போகாதே, தம்பி!

(குடிகாட்டில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூட்டம் சுவைக்காவிட்டால் உடனே புறப்பட வசதியாக, பின்புறத்தில் வண்டிமீதே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் இளந்தோழர்களே!

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் இறங்கியதும் இக்கூட்டத்தின் சுவரொட்டியைக் கண்டேன். ‘பட்டமேற்படிப்பு மாணவர்க்கு ஆலோசனையும் துணையும்’ என்பது தலைப்பு. அதன்கீழே என் பெயர். அதைப் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், அந்தப் பெயருக்குரியவன் அருகிலேயே நிற்கிறான் என்பதை அறியாமல், பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்: “இவரு பி.ஏ.வையே முடிக்கலையாமே, எம்.ஏ. படிக்கிறவனுக்கு என்னய்யா சொல்லப் போறாரு?”

நியாயமான கேள்வி. பெரியவர் இங்கே வந்திருப்பார் என்று நம்புகிறேன். ஐயா, ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்தவர் நீச்சலின் பெருமையைப் பேசுவார். சுழல் எங்கே இருக்கிறது என்பதை, அந்தச் சுழலில் சிக்கித் திரும்பி வந்தவனிடம்தான் கேட்க வேண்டும். திரும்பி வந்தவன் என்ற தகுதி ஒன்றுதான் எனக்கு உண்டு. அதைக் கொண்டு பேசுகிறேன்.

ஏன் குடிகாட்டில் பேசுகிறாய், சிதம்பரத்திலே, திருவேட்களத்திலே, பல்கலைக்கழக வாயிலிலே பேசக்கூடாதா என்று கேட்டார்கள் தோழர்கள். கூடாதென்று இல்லை. ஆனால், நான் சொல்ல வந்த செய்தியின் பாதியை இந்த ஊர் எனக்கு முன்பே செய்து காட்டிவிட்டது. ஆகவே பாடம் நடத்த வரவில்லை. உங்களிடம் கற்ற பாடத்தை உங்கள் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வந்திருக்கிறேன்.

நினைத்துப் பாருங்கள், தாய்மார்களே! சிப்காட் வந்தது. ஆலைகள் வந்தன. புகைபோக்கிகள் எழுந்தன. உப்பனாற்றிலே மீன் குறைந்தது. இரவிலே காற்றிலே ஒரு நாற்றம் — ஒருநாள் அழுகிய முட்டையைப் போல, ஒருநாள் நகத்திற்குப் பூசும் சாயத்தைப் போல. குழந்தை இருமும். கண் எரியும். அதிகாரியிடம் போய் முறையிட்டால் என்ன விடை வந்தது? “எப்போது வந்தது? எந்தப் பக்கமிருந்து வந்தது? ஆதாரம் என்ன?” காற்றுக்கு ஆதாரம் காட்டு என்று கேட்டால், ஏழை எங்கே போவான்? நாற்றத்தை முந்தானையிலே முடிந்துகொண்டா போக முடியும்?

முடிந்துகொண்டுதான் போனார்கள்! 2004-ஆம் ஆண்டிலே இந்தச் சிப்காட் வட்டாரத்து மக்கள், ஆணும் பெண்ணுமாகக் கூடி, கையிலே ஒரு ஏடு வைத்துக்கொண்டார்கள். என்ன தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசை, நாற்றம் எத்தகையது, யாருக்கு என்ன உபாதை — எழுதினார்கள். எழுதியதோடு நிற்கவில்லை. வாளியும் பையும் கொண்டு செய்த எளிய கருவியினாலே காற்றையே பிடித்து அடைத்தார்கள். அதை அமெரிக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார்கள். இருபதுக்கு மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று விடை வந்தது. அதற்கு முன்பு “வாசனை” என்று சொல்லிச் சிரித்தவர்கள், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஆலைகள் மூடப்படவில்லை, துன்பம் தீர்ந்துவிடவில்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால், “ஆதாரம் எங்கே?” என்ற கேள்வியை இந்த ஊர்த் தாய்மாரிடம் இனி எவரும் எளிதாகக் கேட்டுவிட முடியாது.

அந்த ஏடு — அதைத்தான் பல்கலைக்கழகத்திற்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வைத்து அனுப்புங்கள் என்கிறேன். ஏன் என்பதற்கு என் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். நாடகக்காரன் தன் கதையைத் தொடங்கினால் நிறுத்தமாட்டான் என்ற அச்சம் வேண்டாம், சுருக்கமாகவே முடிக்கிறேன்.

நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். மூன்றாம் ஆண்டு. தந்தைக்கு நோய். மருத்துவமனையில் இருபத்தாறு நாள் அவர் கட்டிலின் அடியிலே படுத்திருந்தேன். திரும்பி வந்தபோது வருகைப் பதிவு போதவில்லை என்றார்கள். ஒரு அறைக்கு அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூவர்; இந்தப் பக்கம் நான் ஒருவன். நாற்காலி காலியாக இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. ஒரு தாளை நீட்டினார்கள். “கையெழுத்துப் போடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார் ஒருவர். போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. வாசல்வரை வந்த பிறகுதான் தெரிந்தது — ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்’ என்று நான் எழுதிக்கொடுத்திருக்கிறேன்!

சொந்த விருப்பம்! என் விருப்பம் எனக்கே தெரியாமல் தட்டெழுத்திலே இருந்தது, தோழர்களே.

மருத்துவச் சான்றும், அதற்கென்று ஒரு கட்டணமும் செலுத்தினால் வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் விதி ஒன்று இருந்தது என்பதை நாலு ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். சொன்னவர் ஒரு எழுத்தர். தேநீர்க் கடையிலே, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் அன்று அறைக்குள் போனபோது, அந்த விதியை அறிந்த ஒருவர் என் பக்கத்தில் நின்றிருந்தால்? பேச வேண்டியதுகூட இல்லை. “தம்பி, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு” என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை இல்லாததனால்தான் நான் உங்கள்முன் பேச்சாளனாக நிற்கிறேன். மேடைக்கு இலாபம் என்று தலைவர் சிரிக்கிறார். என் தாய் சிரிக்கவில்லை.

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். இங்கிருந்து ஒரே சாலை.

1929-இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம். தென்னார்க்காட்டு உழவன் மகனுக்கும், நெசவாளி மகளுக்கும் ‘உயர்கல்வி’ என்ற சொல்லைக் கண்ணுக்கெட்டும் தூரத்திலே கொண்டுவந்து நிறுத்திய இடம். 1965 ஜனவரி 27-ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற மாணவன் இராசேந்திரன் குண்டடிபட்டு வீழ்ந்த மண். பின்னர் பொருள் நெருக்கடி சூழ்ந்தது. 2013-இல் தனிச்சட்டம் இயற்றி அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மகிழ்ந்தோம். அரசுப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. இனி அரசுக் கட்டணந்தானே என்று எண்ணினோம்.

அங்கேதான் வேடிக்கை! பெயர்ப்பலகை மாறிற்று, இரசீதுப் புத்தகம் மாறவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியிலே இளநிலை மருத்துவம் படிக்க ஆண்டுக்கு 5 இலட்சத்து 44 ஆயிரம் ரூபாய். முதுநிலை படிப்போருக்கு 9 இலட்சத்துக்கும் மேல். அதே நாளில், பிற அரசு மருத்துவக் கல்லூரிகளில் இளநிலை மாணவன் செலுத்தியது 13 ஆயிரத்துச் சொச்சம். இதுவும் அரசு, அதுவும் அரசு. ஒரே அரசுக்கு இரண்டு தராசா?

முதுநிலை மாணவர் என்றால் யார்? படிப்பாளி மட்டுமல்லர், பகலும் இரவும் நோயாளியின் பக்கத்திலே நிற்கும் மருத்துவர். அது கொரோனாக் காலம் வேறு. தொற்று நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்தவர்களிடம், “கட்டணம் எங்கே?” என்று கேட்டது அலுவலகம்.

2020 டிசம்பரிலே அவர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இளநிலை, முதுநிலை, பல் மருத்துவம் என்று எல்லாரும் கூடி உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்தில் கலைந்துவிடுவார்கள் என்றனர் சிலர். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள் என்றனர் வேறு சிலர். பொங்கலும் வந்து போயிற்று. ஜனவரியிலே விடுமுறை என்று அறிவித்தது நிர்வாகம்; விடுதியைக் காலி செய்யச் சொன்னது. உணவை நிறுத்திவிட்டார்கள், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டித்துவிட்டார்கள் என்று மாணவர்கள் கதறினர். அப்போதும் அவர்கள் அசையவில்லை. ஐம்பது நாட்களுக்கு மேல்! 2021 ஜனவரி இறுதியிலே, மருத்துவக் கல்லூரியை உயர்கல்வித் துறையிடமிருந்து பிரித்து மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் ஒப்படைக்கும் ஆணையை அன்றைய அரசு பிறப்பித்தது. அடுத்து வந்த பிப்ரவரியில் கட்டணம் பிற அரசுக் கல்லூரிகளுக்கு ஒப்பாகக் குறைக்கப்பட்டது. இலட்சங்களை எண்ணிய விரல்கள் ஆயிரங்களை எண்ணின. இன்று அது கடலூர் மாவட்டத்துக்குரிய அரசு மருத்துவக் கல்லூரி.

2013-க்கும் 2021-க்கும் இடையே எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் இலட்சக் கணக்கிலே கட்டிவிட்டு, வாய் திறவாமல் பட்டம் பெற்றுப் போனவர்கள் எத்தனை பேர்! வீட்டுப் பத்திரம் அடகு. தங்கையின் திருமணம் தள்ளிவைப்பு. அவர்களுக்கு அறிவில்லையா? மருத்துவரானவர்க்கு அறிவில்லை என்று யார் சொல்வார்? சேர்ந்து கேட்க ஒரு நாள் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் போரை நான் பெருமையோடு சொல்கிறேன். ஆனால் — கழகத் தோழர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும் — நூற்றுக்கணக்கானவர்க்கு ஒரே குறை இருந்ததனால்தான் அந்தப் பந்தல் போட முடிந்தது. செய்தித்தாள் வந்தது. தலைவர்கள் வந்தார்கள். நாமும் போனோம், மாலை போட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். ஒருவனுக்கு மட்டும் உள்ள குறைக்கு யார் பந்தல் போடுவார்கள்? பட்டமேற்படிப்பு மாணவனின் குறையிலே பெரும்பகுதி ஒருவனுக்கு மட்டும் உள்ள குறை. அவனது நெறியாளர், அவனது ஆய்வேடு, அவனது மதிப்பெண், அவனது உதவித்தொகை, அவள் சொல்ல அஞ்சும் ஒரு கதவடைத்த அறை. அங்கே கூட்டம் இல்லை, கோஷம் இல்லை. அங்கேதான் பிள்ளை உடைகிறான்.

ஒரு காட்சி சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், கற்பனைதான். ஆனால் பின்வரிசையிலே சிலர் “இது எங்கள் துறையல்லவா!” என்று சொல்லப் போகிறார்கள்.

திரை விலகுகிறது. அலுவலகம். மேசைமீது கோப்புகள். எழுத்தர். எதிரே ஆராய்ச்சி மாணவன்.

“ஐயா, ஆய்வேட்டுச் சுருக்கம் கொடுத்து ஏழு மாதமாயிற்று.”

“கோப்பு மேலே போயிருக்கு, தம்பி.”

“எந்த மேலே, ஐயா?”

“மேலேன்னா மேலேதான்.”

“எழுதிக் கேட்கலாமா?”

“கேளேன். எழுதிக் கொடுத்தா உன் நெறியாளர்கிட்டத்தான் விளக்கம் கேப்பாங்க. அப்புறம் அவரு கையெழுத்து உனக்கு வேணுமா, வேணாமா?”

மாணவன் வெளியேறுகிறான். மறுமாதம் வருகிறான். அதே உரையாடல். இப்படியே ஓராண்டு ஓட்டினால் பார்ப்பவர்கள் நாற்காலியை உடைப்பார்கள். பல்கலைக்கழகத்திலே யாரும் உடைப்பதில்லை!

இப்போது அதே காட்சியிலே இன்னொரு பாத்திரத்தைச் சேர்க்கிறேன். அவர் சண்டைக்காரர் அல்லர். துண்டை முறுக்கிக்கொண்டு வருபவர் அல்லர். கையிலே ஒரு ஏடு, ஒரு பேனா. மாணவனோடு வருகிறார்; பக்கத்திலே நிற்கிறார். மாணவன் மனுவை நீட்டுகிறான். எழுத்தர் வாங்கி வைக்கிறார். அப்போது இவர் ஒரே ஒரு வசனம் பேசுகிறார்: “ஐயா, இந்தப் படியிலே, பெற்றுக்கொண்டதாக ஒரு முத்திரையும் தேதியும் வேண்டும்.” அவ்வளவே வசனம்! எழுத்தர் நிமிர்ந்து பார்க்கிறார். நாற்காலி வருகிறது. கோப்பு எந்த மேலே இருக்கிறது என்பது அடுத்த கால்மணி நேரத்திலே தெரிந்துவிடுகிறது.

மந்திரமா? இல்லை. தேதி போட்ட தாள் பேசத் தொடங்கிவிட்டது. காற்றைப் பிடித்து அடைத்த இந்த ஊர் வாளியைப் போல.

“அப்படித் துணைக்கு ஆள் அழைத்துப் போகச் சட்டம் இடம் கொடுக்குமா?” என்று ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். கொடுக்கிறது! பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலிலே மாணவர் குறைதீர்ப்பு விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதிலே பேராசிரியர்கள் இருப்பார்கள். சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவர் இருப்பார். பெண் ஒருவரும், ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஒருவரும் இடம்பெற வேண்டும். முறையீடு கிடைத்த 15 வேலை நாட்களில் அக்குழு அறிக்கை தரவேண்டும். முடிவு ஒப்பவில்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் — ஆம்புட்ஸ்மன் என்கிறார்களே, அவர். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ, பேராசிரியரோ, மாவட்ட நீதிபதியாக இருந்தவரோ அந்தப் பதவியிலே அமர்வார். 30 நாளில் அவர் முடிவு சொல்ல முயலவேண்டும். இவையெல்லாம் ஒரு பக்கம். அந்த விதியிலே ஒரு சிறு வரி இருக்கிறது. குறையுடைய மாணவர் நேரிலே வரலாம். அல்லது தமக்காக எடுத்துரைக்க ஒருவரை அனுப்பலாம் என்பது அதன் பொருள். பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் வரி. அந்த வரிக்காகத்தான் இன்றைய கூட்டமே!

கதவு திறந்திருக்கிறது, தோழர்களே. உள்ளே போக ஆள் இல்லை.

எல்லாம் அங்கே தீர்ந்துவிடும் என்று ஏமாற்ற மாட்டேன். “என் விடைத்தாளை மறுமுறை திருத்து” என்று மட்டும் கேட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனால் ஏற்கமாட்டார். முறைகேடு இன்னது என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு முதலில் விடைத்தாளைப் பார்க்க வேண்டும். தேர்வு எழுதியவர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்க உரிமையுடையவர் என்று 2011-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாயும் ஒரு மனுவும். 30 நாளில் விடை. பத்து ரூபாய்! இந்தக் கூட்டத்திலே கடலை தின்ற செலவு அதைவிட அதிகம்.

கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, வேறிடத்திலே இடம் கிடைத்து விலக நேர்ந்தால், “சான்றிதழ் தரமாட்டோம், மீதிப் பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்” என்று சொல்லும் இடங்கள் உண்டு. மூலச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2018-லேயே மானியக் குழு அறிவித்தாயிற்று. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்னரே விலகினால், அலுவலகச் செலவு என்று ஒரு சிறு தொகை நீங்கலாகக் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்றும் அதிலே உண்டு. மகனின் சான்றிதழ் நகைக்கடை அடகுப் பொருள் அன்று.

சேருமுன் கேட்க வேண்டியதைச் சேர்ந்தபின் கேட்டு அழுதவர்களும் நம் மாவட்டத்திலேயே உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியிலே தமிழ்நாடு முழுவதும், ஏன், கடல் கடந்தும் படித்தார்கள். 2014-15 கல்வியாண்டுக்குப் பிறகு ஒப்புதல் இன்றி நடத்தப்பட்ட தொலைநிலைப் படிப்புகள் செல்லா என்று 2022 மார்ச்சிலே மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. பணியிலே இருந்துகொண்டே, இரவு விளக்கிலே முதுகலை படித்தவனின் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்! நிலையத்துக்கும் குழுவுக்கும் இடையே ஆயிரம் வழக்கு இருக்கட்டும். நடுவிலே நின்றவன் மாணவன். ஆகவே பணம் கட்டுமுன், ‘இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு ஒப்புதல் உண்டா?’ என்று மானியக் குழுவின் பட்டியலைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இதற்குப் பெரும்புலமை வேண்டாம். கண்ணும் பொறுமையும் போதும்.

தங்கைமாருக்கு ஒரு சொல். ஆராய்ச்சி செய்யும் பெண்ணுக்குத் திருமணம் ஆனால், பிள்ளை பிறந்தால், “இனி என்ன ஆராய்ச்சி, வீட்டைப் பார்” என்று வீடும் சொல்கிறது. சில நேரம் துறையும் சொல்கிறது. 2022 நவம்பரில் வந்த முனைவர் பட்ட விதிகள் அப்படிச் சொல்லவில்லை. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கென 240 நாள்வரை விடுப்பு உண்டு. ஆறாண்டு உச்சவரம்பு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டாண்டு சலுகை. மணமாகிக் கடலூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் போனால், செய்த ஆராய்ச்சியைக் கையோடு அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகவும் வழி இருக்கிறது. சீர்வரிசையோடு ஆய்வேட்டையும் ஏற்றி அனுப்புங்கள், தாய்மார்களே!

அறைக்குள் நடக்கும் இழிசெயலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கேற்பப் பல்கலைக்கழகங்களுக்கு வந்த 2015-ஆம் ஆண்டு விதிகளும், உள்ளகப் புகார்க் குழுவும் இருக்கின்றன. புகார் எழுதும் பெண்ணின் பக்கத்தில் உட்கார இன்னொரு பெண் வேண்டும். நம் மகளிரணியிலே படித்த தங்கைமார் பலர் உள்ளனர். மேடையிலே வரவேற்புரை வாசிப்பதற்கு மட்டுமே அவர்களை அழைக்கும் வழக்கத்தை இதிலாவது விட்டுவிடுவோம்.

பிரிட்டனிலும், ஆஸ்திரேலியாவிலும், நியூசிலாந்திலும் பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கங்களே ஆலோசனை நிலையம் நடத்துகின்றன. சம்பளம் பெறும் ஆலோசகர்கள். நிர்வாகத்துக்குக் கட்டுப்படாதவர்கள். மாணவன்மீது விசாரணை என்றால் அவனோடு அறைக்குள் போய் அமர்கிறார்கள். அவன் சொன்னதை அவனது ஒப்புதலின்றிப் பிறரிடம் சொல்வதில்லை. அங்கே இது புரட்சி அன்று. அலுவலக நேரத்திலே நடக்கும் வேலை. இங்கே மாணவர் பேரவைத் தேர்தலையே காணாத கல்லூரிகள் ஏராளம். சங்கம் இல்லாத இடத்திலே சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது — ‘நம்ம ஆள் யாராவது உள்ளே இருக்கிறாரா?’ என்று தேடவைக்கிறது. நம்ம ஆள் இல்லாதவன் என்ன செய்வான்? முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்குப் பதிவாளர் அலுவலகத்திலே மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஐதராபாத்திலே 2016 ஜனவரியிலே ரோகித் வெமுலா என்ற ஆராய்ச்சி மாணவரை நாடு இழந்தது. உதவித்தொகை நிறுத்தம், விடுதியிலிருந்து வெளியேற்றம், அடுக்கடுக்கான முறையீடுகள். அவருக்குத் தோழர்கள் இருந்தார்கள், போராடினார்கள், அப்படியிருந்தும் இழந்தோம். தோழர் ஒருவரும் இல்லாதவனை நினைக்கும்போது எனக்கு உறக்கம் வருவதில்லை.

“படிக்கிற பிள்ளைகளிடம் கட்சிக்கு என்ன வேலை?” — இந்தக் கேள்வி நாளைக்கே வரும். நான் நம் தோழர்களிடம் அதைவிடக் கடுமையான கேள்வியைக் கேட்கிறேன்: இந்த வேலைக்கு நாம் தகுதியுடையவர்களா?

கோபிக்காதீர்கள். ஒரு மாணவன் குறையோடு வந்தால் நம் வழக்கம் என்ன? உடனே சுவரொட்டி! ‘துணைவேந்தரே, பதில் சொல்!’ மறுநாள் முற்றுகை. படம் நாளிதழில். மூன்றாம் நாள் நாம் வேறு முற்றுகைக்குப் போய்விடுகிறோம். மாணவன் அதே துறைக்கு, அதே நெறியாளரிடம் போக வேண்டும். நாம் கொளுத்திய பந்தத்தின் சூடு அவன் முதுகிலே! இதை நானே செய்திருக்கிறேன். ஒரு தம்பியின் உதவித்தொகைச் சிக்கலை, அவனைக் கேட்காமலே, பெயரோடு மேடையிலே முழங்கினேன். கைதட்டல் வாங்கினேன். அவன் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. உதவித்தொகை வந்துவிட்டது, தம்பி வரவில்லை.

ஆகையால் இந்த வேலையிலே கழகக் கொடி வாசலிலேயே நிற்கட்டும். வருகிறவன் எந்தக் கட்சி என்று கேட்கக்கூடாது. உறுப்பினர் சீட்டு நீட்டக்கூடாது. அவன் சம்மதம் இல்லாமல் ஒரு கடிதமும் போகக்கூடாது. அவன் பெயர் படிப்பகத்தின் வாசலைத் தாண்டக்கூடாது. காசு கேட்பவன் கழகத்தவன் அல்லன். நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, வழக்கறிஞரிடம் அழைத்துப் போக வேண்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடித் தோழர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. கடலூரிலே நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அந்தப் படியை மிதிக்க வெட்கம் வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது, பிச்சை அன்று. இன்னொன்று: பிள்ளையின் மேலேயே தவறு இருக்கலாம். ஆய்வேட்டைப் பிறரிடமிருந்து படியெடுத்திருக்கலாம், தேர்வுக்கே போகாதிருந்திருக்கலாம். அப்போதும் துணைக்குப் போங்கள். தவறு செய்தவனுக்கும் தண்டனைத் தாளைப் படித்துப் பார்க்கும் உரிமை உண்டு. ஆனால் பொய்ச் சான்று தேடித் தராதீர்கள். ஒரு பொய் போதும், அடுத்த நூறு உண்மைகளுக்கும் வாசல் அடைபட்டுப் போகும்.

நேரமாயிற்று, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். கிளைத் தோழர்களோடு பேசி முடிவு செய்ததைச் சொல்லி விடைபெறுகிறேன். அடுத்த ஞாயிறு முதல், மாலை ஐந்து மணிக்குப் படிப்பகத்தின் பின்னறை திறந்திருக்கும். ஒலிபெருக்கி இருக்காது. முதுகலை முடித்த தோழர் ஒருவரும், வழக்கறிஞர் தங்கை ஒருவரும் இருக்க இசைந்திருக்கிறார்கள். சுவரொட்டியைப் பார்த்துக் கேள்வி கேட்ட பெரியவர் இங்கே இருந்தால், அவருடைய பேத்தி சிதம்பரத்திலே வேதியியல் முதுநிலை படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அழைத்து வாருங்கள், ஐயா. சேர்ந்த நாள் முதல் வாங்கிய இரசீது, கொடுத்த மனுக்களின் படி, வந்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேதி மறந்திருந்தால் நினைவுள்ளவரை சொல்லட்டும், எழுதிக்கொள்வோம். ஏடு வாங்கியாயிற்று. முதல் பக்கம் வெறுமையாக இருக்கிறது.